பென்சிலில் பூஜ்யம் எழுதிய கண்ணாடி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், காலாவதியான பயணக் கடப்பிதழ்கள், என் மனைவியின் திருகு தொலைந்த மூக்குத்தி, எந்தச் சட்டைக்கும் பொருந்தாத பொத்தான்கள் எல்லாம் அதில்தான் கிடக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், டிஷ்யூ தாளில் சுற்றி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதன் ஒரு முனை சொரசொரப்பாக, வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில் பென்சிலால் ஒரு பூஜ்யம் எழுதியிருக்கும். கண்ணாடியின் நடுவில் நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. கொட்டிய தேநீர் காய்ந்துபோனதைப் போலத் தெரியும்.  அதைப் பல வருடங்களாக எடுத்துப் பார்க்காமலேயே வைத்திருந்தேன்.

போன வாரம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் சின்ன மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அறிவியல் விழாவுக்காக ஆறு காகிதக் குவளைகளில் பச்சைப்பயறு போட்டு, வீட்டின் ஐந்தடிப் பால்கனியில் வரிசையாக வைத்திருந்தாள். மூன்று குவளைக்கு வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், மூன்றுக்கு வெறும் குழாய்த் தண்ணீர். பழத்தோல் தண்ணீர் குடித்த செடி உயரமாக வளரும் என்று காட்டவேண்டும். ஆனால் வெறும் தண்ணீர் குடித்த செடிகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் தாண்டி வளர்ந்து நின்றது. நான் ஓட்டும் பள்ளி வேனைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தபோது அவள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து குவளைகள்தான் இருந்தன. ஆறாவது எங்கே என்றேன். அடுப்படியில் இருந்த குப்பைத் தொட்டியைக் காட்டினாள். வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தாள்.

"அது படத்தக் கெடுக்குதுப்பா," என்றாள்.

கெட்ட எண்ணம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. பத்து வயதுப் பிள்ளை, படம் அழகாக வரவேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொற்களைக் கேட்டதும் என் மூக்கில் ஜாதிக்காய் வாசம் ஏறியது. வீட்டில் ஜாதிக்காயே கிடையாது. நான் வாங்கவிடுவதில்லை. இந்தப் பினாங்கில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் ஜாதிக்காய் ஜூஸ் இருக்கும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆசையாக வாங்கிக் குடிப்பார்கள், நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்துவிடுவேன். ஏன் என்று என் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பிடிக்காது என்று மட்டும் சொல்லி வந்தேன். இப்போது முழுவதையும் எழுதுகிறேன். பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், என் பிள்ளைகள் மட்டுமில்லை, படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும். நான் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம்வரை படித்தவன். அறிவியல் விஷயத்தில் எங்காவது பிசகினால் உங்கள் ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்த விஷயத்தில் பிசகு இருக்காது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது நான் வேலை இழந்தேன். அப்போது ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எடுபிடி ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டவர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். நம்மவர். அங்கே பெரிய அறை வைத்திருந்த ஒரே தமிழர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, எலிக் கூண்டுகளைச் சுத்தம் செய்வது, ஐஸ் கொண்டு வருவது, குப்பையைப் பிரித்துப் போடுவது என் வேலை. கூண்டுகளின் நாற்றம் முதல் மாதம் முழுக்கச் சோற்றில் கூட அடித்தது. பிறகு பழகிவிட்டது. மனிதனுக்கு எந்த நாற்றமும் பழகிவிடும் என்பதை அங்கேதான் கற்றேன். அது நல்ல பாடமில்லை என்று பிறகு தெரிந்தது.

டாக்டர் என்னை ஒருநாளும் கேவலமாக நடத்தியதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு செடியைப் பிடுங்கி எறிந்தவன் ஆவேன். தீபாவளிக்கு முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தவர் அவர். மூத்தவள் பிறக்கும் நேரத்தில் மருத்துவமனைக்குத் தன் காரிலேயே கூட்டிப் போனார். மேசையில் எதிரே உட்காரவைத்துச் சாப்பிடுவார். ஆராய்ச்சி எதற்கு என்று யாராவது கேட்டால், "படம் பேசணும் தம்பி. பத்துப் பக்கம் எழுதினா எவன் படிக்கிறான், ஒரு படம் பேசணும்," என்பார். அந்தப் பேச்சை நான் வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வேன்.

அந்தக் கூடத்தில் இன்னொருவரும் இருந்தார். ஆராய்ச்சி உதவியாளர், இளவயதுப் பெண், பட்டமேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். தலையில் துணி சுற்றிய முஸ்லிம் பெண், ஜார்ஜ்டவுனில் அவருடைய அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நான் அவரை மிஸ் என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணே என்பார். நான் அவரைவிட எட்டு வயது மூத்தவன். ஆனால் வேலையில் அவர் வைக்கும் கண்டிப்பைப் பார்த்தால் எனக்கே முதுகு நிமிரும்.

அவர்கள் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். நம் தோலுக்குள்ளே கொலாஜன் என்று ஒரு பொருள் இருக்கிறது. மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி. தோல் கிழியாமல், தசை கழன்று விழாமல் கட்டி வைத்திருப்பது அதுதான். புண் ஆறும்போது உடம்பு புதுக் கயிறு திரிக்கும். கயிறு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்கமுடியாது. அதற்கு ஆன்டிபாடி என்று ஒரு திரவம். சின்னக் குப்பியில், ஒரு துளி சிந்தினால் மிஸ் முகம் வாடிப்போகிற அளவுக்கு அருமையான பொருள். நம் உடம்பு கிருமியை அடையாளம் பிடிக்கச் செய்கிற எதிர்ப்பொருள் இருக்கிறதே, அதே இனம்தான். ஆனால் இது கொலாஜனை மட்டும் தேடிப் பிடிக்கும்படி சுண்டெலியிடமிருந்து செய்து எடுத்தது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான செருப்புகள் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் போய்த் தன் செருப்பில் மட்டும் காலை நுழைக்கிற ஆள் மாதிரி இந்த ஆன்டிபாடி. வேறு எதையும் தொடாது. ஆனால் அவனும் கண்ணுக்குத் தெரியமாட்டான். அதனால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகிற இரண்டாவது ஆள் ஒருவன் வேண்டும். அந்த இரண்டாவது திரவத்தோடுதான் சாயம் வரும். முதல் ஆள் எங்கே நிற்கிறானோ அங்கே பழுப்பு நிறம் விழும். பழுப்பாக இருந்தால் கொலாஜன் இருக்கிறது என்று அர்த்தம்.

மிஸ் ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு கண்ணாடி வைப்பார். அதே எலியின் அதே புண், அதே மாதிரி மெல்லியதாகச் சீவிய தோல். எல்லாம் ஊற்றுவார், முதல் திரவத்தை மட்டும் ஊற்றமாட்டார். செருப்பைத் தேடுகிற ஆளே இல்லை, பின்னால் போகிறவன் யார் சட்டையைப் பிடிப்பான்? ஆக அந்தக் கண்ணாடி வெறுமையாகத்தான் இருக்கவேண்டும். அதன் முனையில் பென்சிலால் பூஜ்யம் போடுவார். பேனா மை அங்கே புழங்குகிற திரவங்களில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. வேலை முடிந்ததும் எல்லாரும் நல்ல கண்ணாடியைப் பார்க்க ஓடுவார்கள். மிஸ் பூஜ்யத்தைத்தான் முதலில் நுண்ணோக்கியில் வைப்பார். "இது காலியா இருந்தாத்தாண்ணே மத்தது பேசுறது உண்ம," என்பார். காலியாக இருந்தால் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார். ஒன்றுமில்லாததைப் பார்த்து இரண்டு பேர் சந்தோஷப்படுவதைக் கண்டு எனக்கே சிரிப்பு வரும்.

டாக்டரின் பெரிய ஆசை ஒரு களிம்பு. பாலிக் புலாவ் தோட்டத்து ஜாதிக்காயிலிருந்து எண்ணெய் எடுத்து, சர்க்கரை நோய்க்காரர்களின் புண்ணுக்குப் பூசுகிற களிம்பு. கூடம் முழுக்க அந்த வாசம் இருக்கும். எலிகளின் முதுகில் புண் செய்து, பாதிக்குக் களிம்பு, பாதிக்கு வெறும் மெழுகு பூசினார்கள். களிம்பு பூசிய புண்ணில் கொலாஜன் அதிகம் என்று படம் பேசவேண்டும்.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆயர் ஈத்தாம் பசாரில் காய்கறி விற்றவர், எனக்கு நேர் மூத்தவர், இதே அடுக்குமாடியில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை. பசாரில் மரப்பெட்டி ஆணி காலில் ஏறிப் புண்ணாகி, தினமும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். பசார் வேலையை விட்டுவிட்டுத் தினமும் வரிசையில் உட்காருவது அவருக்குப் பெரிய எரிச்சல். இதைச் சாப்பாட்டு நேரத்தில் நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்துபோய்ச் சின்னப் புட்டியில் களிம்பு எடுத்து வந்து என் கையில் வைத்தார். "நம்ம ஆளுக்கு இல்லாத மருந்தா? அண்ணனுக்குக் குடு தம்பி," என்றார். ஏமாற்றவேண்டும் என்று கொடுக்கவில்லை. அவர் அதை நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத இடம்.

அண்ணன் பூசினார். பூசினால் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். இரண்டாவது வாரத்திலிருந்து கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். பசாரில் புட்டியைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எந் தம்பி லேப்புல செஞ்சதுலா," என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாராம். குழாய் கழுவுகிறவன் நான்.

அப்போதுதான் இரண்டாவது திரவம் தீர்ந்துபோனது. எங்கள் எலிகளுக்கு என்று தனியாகச் சுத்தம் செய்யப்பட்ட குப்பி, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மிஸ் காத்திருக்கலாம் என்றார். டாக்டருக்குப் பொறுமையில்லை. நம் சமூகத்துப் பெரியவர்கள் முன்னால் களிம்பைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. பக்கத்துக் கூடத்தில் இரவல் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். அவர்கள் கோழியின் குருத்தெலும்பில் வேலை செய்கிறவர்கள், அவர்களிடம் இருந்த குப்பி கோழிக்குச் சரியாக இருந்தது. நான் ஐஸ் வாளியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். சிந்தாமல் கொண்டுவந்தேன் என்று டாக்டர் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மதியம் மிஸ் வழக்கம்போல பூஜ்யத்தை முதலில் வைத்தார். வெகுநேரம் குனிந்தபடி இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். சந்தோஷமாகக் கூப்பிடுகிற குரல் அது இல்லை. நான் குனிந்து பார்த்தேன். ஒன்றுமே இருக்கக்கூடாத இடம் முழுக்கப் பழுப்பு.

அவர் எனக்கு விளக்கியது இதுதான். முதல் திரவம் சுண்டெலியுடையது. எங்கள் கூண்டில் இருந்தவை பெரிய வெள்ளை எலிகள். இரண்டும் பங்காளிகள். பங்காளி வீட்டுச் சட்டையெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. எலிக்கென்று சுத்தம் செய்யாத இந்த இரவல் திரவத்துக்கு வித்தியாசம் தெரியாது. எலியின் சொந்த இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளின் சட்டையையே பிடித்துக்கொண்டு சாயத்தைப் பூசிவிடும். அதாவது அந்தப் பழுப்பு கொலாஜன் இல்லை. புண்ணில் கசிந்து நின்ற இரத்த நீர். களிம்பு பூசிய புண்ணில் பழுப்பு அதிகம் என்றால், அந்தப் புண்தான் அதிகமாகக் கசிந்திருக்கிறது, அதிகமாகச் சிவந்து வெந்திருக்கிறது.

டாக்டர் உள்ளே வந்தபோது மிஸ் இதையெல்லாம் சொன்னார். நான் மூலையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். டாக்டர் பூஜ்யத்தைப் பார்த்தார். பிறகு மற்றவற்றைப் பார்த்தார். களிம்பு பூசிய கண்ணாடி அழகான பழுப்பு, மெழுகு பூசியது மங்கல். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மிஸ் மறுபடியும் பூஜ்யத்தைச் சொன்னார். கழுவுவதில் ஏதாவது தவறு நடந்திருக்கும், ஒரு கண்ணாடிக்காக எல்லாவற்றையும் நிறுத்தமுடியாது என்று டாக்டர் சமாதானமாகச் சொன்னார். அப்படியானால் திரும்பச் செய்வோம் என்றார் மிஸ். கூட்டத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். தோல் துண்டுகள் வைத்திருந்த பெட்டியை எடுத்துத் தன் அறையில் வைத்துக்கொண்டார். மிஸ் பூஜ்யத்தைப் படம் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். அதற்குள் டாக்டர் அந்தக் கண்ணாடியை எடுத்து, மிஸ்ஸைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

"இதத் தூக்கிப் போடு தம்பி. படத்தக் கெடுக்குது."

என் மகள் சொன்ன அதே சொல்.

உடைந்த கண்ணாடி போடுகிற மஞ்சள் பெட்டி வாசல் பக்கத்தில் இருந்தது. அங்கே போனேன். மூடியைத் திறந்தேன். போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூடியைச் சத்தமாக மூடினேன். சத்தமாக மூடியதைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை ஒளித்து வைக்கச் செய்தது எது, போட்டதுபோலச் சத்தம் காட்டச் செய்தது எது, இரண்டும் ஒரே கைதானே.

அன்று சிற்றுண்டிச்சாலையில் மிஸ் என்னிடம் வந்து உட்கார்ந்தார். என் அண்ணன் இன்னும் அதைப் பூசுகிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நிறுத்தச் சொல்லுங்கண்ணே. இன்னிக்கே சொல்லுங்க. கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்க," என்றார். தலையாட்டினேன்.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் காலை முக்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க ஜாதிக்காய் வாசம், அதற்கு அடியில் இன்னொரு வாசம். எலிக் கூண்டில் பழகிய மூக்கு எனக்கு, அது என்ன வாசம் என்று தெரியும். கட்டை அவிழ்த்துக் காட்டி, ஓரமெல்லாம் சிவந்து புதுச் சதை வருகிறது பார் என்றார். சிவப்பு என்றால் என்ன என்று அன்று மதியம்தான் எனக்கு மிஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "எதுக்கும் கிளினிக்குக்கும் ஒரு நட போய்ட்டு வாயேன்."

"உங்க மருந்த நீயே நம்பலனா வேற யாருடா நம்புவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணி கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு மாடியேறி வந்துவிட்டேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது டாக்டர் காதுக்குப் போகும். வேலையை நிரந்தரமாக்க அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். மூத்தவள் கைக்குழந்தை. அதோடு, நம்மவர் ஒருவர் மேலே வந்திருக்கிறார், அவரை நாமே கீழே இழுத்து விடுவதா என்றும் ஒரு நினைப்பு. இப்படி எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம். காரணங்கள் எல்லாம் கூண்டில் போடுகிற மரத்தூள் மாதிரி, நாற்றத்தை மூடும், எடுக்காது.

கூட்டம் ஒரு டேவானில், பெரிய மண்டபத்தில், நடந்தது. பெரிய திரையில் அந்தப் பழுப்புப் படங்கள் இரண்டும் வந்தன. பக்கத்தில் பூஜ்யம் இல்லை. டாக்டர் அழகாகப் பேசினார். பினாங்கு மண்ணின் ஜாதிக்காய், நம் மக்களின் சர்க்கரைப் புண், நம் கையாலேயே மருந்து என்றார். சபை கைதட்டியது. முன்வரிசையில் என் அண்ணன், ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் கட்டு, எல்லாரையும்விட உரக்கத் தட்டினார். வந்தவர்களுக்கு ஜாதிக்காய் ஜூஸ் கொடுத்தார்கள். தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடுத்தவன் நான். எனக்கும் ஒரு குவளை கொடுத்தார்கள், வாயில் வைத்ததும் பின்பக்கம் ஓடிப்போய்க் கால்வாயில் வாந்தி எடுத்தேன். அதன்பிறகு இன்றுவரை குடித்ததில்லை.

அடுத்த வாரம் மிஸ் என்னை மாடிப்படியில் நிறுத்தினார். மேலிடத்தில் எழுதிக் கொடுக்கப் போவதாகவும், டாக்டர் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஆனால் காட்ட ஒன்றுமில்லை. பெட்டி டாக்டரிடம், படமும் இல்லை. பிறகு, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு அந்த ஸ்லைட நெசமாவே போட்டுட்டீங்களாண்ணே?"

அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "போட்டுட்டேன் மிஸ்."

"சரிண்ணே," என்றார். திட்டவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்து சொன்ன சரியா, நம்பிச் சொன்ன சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. மேலிடத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள், ஆதாரம் கேட்டார்கள், அவரிடம் வாய்ச்சொல் மட்டும்தான் இருந்தது. அந்த மாதமே வேலையை விட்டார். படிப்பும் பாதியில் நின்றது. ஏதோ ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். தூக்கிப் போட்டிருந்தால் நான் வெறும் கோழை. வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னவனுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணனுக்கு இடது காலில் பாதிப் பாதத்தை எடுத்தார்கள். கிளினிக்குக்குத் தினமும் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அண்ணி தாதியிடம் கேட்டார். தாதி கட்டுத்துணியை மடிக்கத் தொடங்கினார். மறுநாள் டாக்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டபோது அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கினார். சர்க்கரை அப்படிப்பட்ட நோய் என்று சொன்னார்.

அண்ணன் படுத்தபடியே அவரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க வந்ததே போதும் டாக்டர். ஒங்க மருந்து மட்டும் இல்லாட்டி முட்டிக்கு மேல போயிருக்கும்லா."

டாக்டர் மறுக்கவில்லை. அண்ணனின் தோளை இரண்டு முறை தட்டினார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த சுளையை அண்ணனுக்குக் கொடுத்தேன், டாக்டருக்கும் கொடுத்தேன். அவரும் வாங்கிச் சாப்பிட்டார். மூன்று பேரும் அந்தப் பழத்தைச் சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அசிங்கமான காட்சி எது என்று கேட்டால், எலிக் கூண்டையோ கால்வாயையோ சொல்லமாட்டேன், அந்த ஆரஞ்சுப் பழத்தைத்தான் சொல்வேன்.

களிம்பை யாரும் தடை செய்யவில்லை. மெதுவாகப் பேச்சு நின்றது, புட்டிகள் வருவது நின்றது. தவறு என்று எவரும் ஒரு வரி எழுதவில்லை. டாக்டர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். எனக்கு வேலை நிரந்தரமானது. ஆறு மாதம் கூட இருக்க முடியவில்லை. விட்டுவிட்டுப் பள்ளி வேன் ஓட்ட வந்துவிட்டேன்.

இதையெல்லாம் போன வாரம் சின்னவளை உட்காரவைத்துச் சொன்னேன். கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கதையைக் கேட்டு டாக்டர் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். என் மேல் பாசம் வரும் என்றும் உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பேன்போல. தப்பை ஒத்துக்கொள்கிற அப்பாவைப் பார்த்துப் பிள்ளைகள் கட்டிக்கொள்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேனே. அவள் கட்டிக்கொள்ளவில்லை.

"இத இத்தன வருசமா வச்சிருந்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவள் எழுந்துபோய்க் குப்பைத் தொட்டியிலிருந்து செடியை எடுத்தாள். தண்டு துவண்டு, வேர் காய்ந்துபோயிருந்தது. மறுபடி நட்டால் பிழைக்காது என்று அவளுக்கே தெரிந்தது. அதை ஓர் அளவுகோலின் பக்கத்தில் நீட்டி வைத்து ஒரு படம் எடுத்தாள். விழா அட்டையில் மற்றப் படங்களுக்குக் கீழே அதை ஒட்டி, குண்டுக் குண்டு எழுத்தில் எழுதினாள்: உரம் போடாத இந்தச் செடிதான் எல்லாவற்றையும்விட உயரம். நான் இதைப் பிடுங்கிவிட்டேன். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.  

நான் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன். அண்ணன் சன்னல் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நாரெடுத்துக்கொண்டிருந்தார். மரக்கட்டை வைத்துத் தைத்த காலணி நாற்காலிக்கு அடியில் கிடந்தது. நான் கண்ணாடியை நீட்டினேன். வாங்கி, கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"என்னடா இது? இதுல என்ன இருக்கு?"

"ஒன்னும் இருக்கக்கூடாதுண்ணே," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் பெட்டியின் மூடியை, மாடிப்படியை, ஆரஞ்சுப் பழத்தை.  பீன்ஸ் கிண்ணம் மடியிலேயே இருந்தது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். நான் முடித்த பிறகு அண்ணன் மறுபடியும் அந்தக் கறையைப் பார்த்தார். மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. திருப்பிக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன்.

கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ வச்சிருந்தது போதும்," என்றார். "இனிமே எங்கிட்ட இருக்கட்டும்."

பீன்ஸை எடுத்து மறுபடியும் நாரெடுக்கத் தொடங்கினார். நான் மேலே வந்து அலமாரியைத் திறந்தேன். டின்னில் கடப்பிதழ்களுக்கு அடியில் டிஷ்யூ தாள் மட்டும் சுருண்டு கிடந்தது, அது சுற்றியிருந்த வடிவத்திலேயே.